கணிதப் பட்டப்படிப்பும் ஓராண்டுப் பணிப் பயிற்சியும்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் தோட்டப்புறப் பெற்றோரிடையே ஒரு கேள்வி தவறாமல் எழுவதுண்டு. “பிள்ளை கணக்கில் நல்ல தேர்ச்சி பெற்றிருக்கிறான். மேற்கொண்டும் கணக்கையே படிக்க வேண்டும் என்கிறான். அதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?” என்பதே அக்கேள்வியாகும். மருத்துவம் படித்தவர் மருத்துவராவார். சட்டம் பயின்றவர் வழக்கறிஞராவார். பொறியியல் கற்றவர் பொறியியலாளராவார். கணிதம் படித்தவர் என்ன ஆவார்? ஆசிரியர் ஆவார் என்ற ஒரு விடையே பெரும்பாலோருக்குத் தெரியும். ஆசிரியத் தொழில் உயர்ந்த தொழிலே, அதில் ஐயமில்லை. எனினும் கணிதப் பட்டதாரிக்குத் திறந்திருக்கும் வாயில் அது ஒன்றுமட்டுமன்று.

இரண்டாவது அச்சம் பணத்தைப் பற்றியது. மூன்று நான்கு ஆண்டுகள் ஒரு பிள்ளை சம்பாதிக்காமல் படித்துக்கொண்டிருந்தால், நாட்சம்பளத்தை நம்பி வாழும் குடும்பம் எவ்வாறு தாங்கும்? படித்து முடித்த பின்னும் “அனுபவம் உண்டா?” என்று கேட்டு நிறுவனங்கள் திருப்பியனுப்பினால் பட்ட பாடெல்லாம் வீணாகாதா? இவ்வச்சம் நியாயமானதே. இதனை வெறும் ஆறுதல் வார்த்தைகளால் போக்கிவிட முடியாது.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு விடையாக அமைவதே, பல்கலைக்கழகப் படிப்பின் ஒரு பகுதியாக ஓராண்டுக் காலம் பணியிடத்தில் பயிற்சி பெறும் முறையாகும். அம்முறை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நடைபெறுகிறது, அதன் நன்மை என்ன, அதிலுள்ள இடர் என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பால் எடை பார்க்கும் இடத்தில் கணிதம்

பல்கலைக்கழகக் கணிதம் என்றவுடன் அது நமக்கு எட்டாத ஒன்று என்று எண்ண வேண்டுவதில்லை. ரப்பர்த் தோட்டத்தில் உழைப்போர் நாள்தோறும் கணிதத்தோடு பழகியே வருகின்றனர்.

ஒருவர் தமது நிரையிலிருந்து 40 கிலோ பால் கொண்டுவருகிறார் என்று கொள்வோம். மற்றொருவர் 44 கிலோ கொண்டுவருகிறார். யார் கொண்டுவந்தது அதிகம்? எடையை மட்டும் பார்த்தால் இரண்டாமவரே முந்துகிறார். ஆனால், முதலாமவர் பாலில் காய்ந்த ரப்பர் 32 விழுக்காடும், இரண்டாமவர் பாலில் 28 விழுக்காடும் இருக்குமானால், முதலாமவர் தந்த ரப்பர் 12.8 கிலோ, இரண்டாமவர் தந்ததோ 12.32 கிலோ. ஆகவே, குறைந்த பால் கொண்டுவந்தவரே மிகுந்த ரப்பர் தந்தவராகிறார். மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அளவு பார்ப்பதன் பொருள் இதுவே. கண்ணுக்குத் தெரியும் எண் ஒன்று. உண்மையான அளவு வேறொன்று. முன்னதிலிருந்து பின்னதைக் கண்டறிவதே கணிதத்தின் வேலை.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். புதியதொரு வெட்டுமுறை வருகிறது. அதனால் பால் மிகுமா, குறையுமா என்று அறிய வேண்டும். சமதரையிலுள்ள மரங்களில் புதிய முறையையும், மேட்டிலுள்ள மரங்களில் பழைய முறையையும் கையாண்டு ஒப்பிட்டால் சரியான விடை கிடைக்குமா? கிடைக்காது. மிகுதிக்குக் காரணம் வெட்டுமுறையா, நிலமா, வெட்டியவரின் கைத்திறனா என்று பிரித்தறிய இயலாமற்போகும். ஆகவே, எந்த மரத்துக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, பல பகுதிகளில் மீண்டும் மீண்டும் செய்து பார்த்து, வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததா, உண்மையாகவே உள்ளதா என்று கணக்கிட வேண்டும்.

இந்த முறையை வகுத்துத் தந்தவர்களுள் தலைசிறந்தவர் ரொனால்ட் பிஷர் என்னும் கணித அறிஞராவார். அவர் தமது கோட்பாடுகளைக் கல்லூரி அறையில் மட்டும் உருவாக்கவில்லை. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னுமிடத்திலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் 1919ஆம் ஆண்டில் பணியேற்று, அங்கே குவிந்துகிடந்த விளைச்சல் கணக்குகளோடு போராடியதன் பயனாகவே அவற்றைக் கண்டார். ஆராய்ச்சியாளர்களுக்கான புள்ளியியல் முறைகளைப் பற்றிய அவருடைய நூல் 1925இல் வெளிவந்தது. மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டதும் அதே 1925ஆம் ஆண்டில்தான். நல்ல மரவகைகளைத் தேர்ந்தெடுப்பதற்கும், வெட்டுமுறைகளையும் உர அளவுகளையும் ஒப்பிடுவதற்கும் புள்ளியியல் இன்றியமையாதது. நாம் வெட்டும் மரத்தின் பின்னாலும் ஒரு கணக்கு நிற்கிறது என்பதை இதனால் உணரலாம்.

பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படுவது என்ன?

பள்ளியில் கற்கும் கணக்கில் பெரும்பாலும் வழிமுறை முன்னரே தரப்பட்டிருக்கும். மாணவர் விடை காண வேண்டும். பல்கலைக்கழகத்திலோ, அந்த வழிமுறை ஏன் சரியாகிறது என்று நிறுவிக்காட்டவும், வழிமுறை இல்லாத இடத்தில் புதிதாக வகுக்கவும் பயிற்சி அளிக்கப்படுகிறது. மாற்றத்தின் வேகத்தைக் கணிக்கும் நுண்கணிதம், பல சமன்பாடுகளை ஒருங்கே கையாளும் நேரியல் இயற்கணிதம், தற்செயலை அளக்கும் நிகழ்தகவு, புள்ளியியல், செயல்முறை ஆய்வு ஆகியவை முக்கியமான பாடங்கள். இவற்றோடு, கணினிக்கு ஆணைகள் எழுதும் பயிற்சியும் இக்காலத்தில் பெரும்பாலும் சேர்ந்தே வருகிறது.

செயல்முறை ஆய்வு என்பதற்கு ஓர் எளிய விளக்கம் தரலாம். ஒரு பால் லாரி ஐந்து இடங்களுக்குச் சென்று பால் ஏற்ற வேண்டும். எந்த வரிசையில் சென்றால் தூரம் குறையும்? ஐந்து இடங்களுக்கு 120 வரிசைகள் உள்ளன. பொறுமையுடையவர் அனைத்தையும் எழுதிப் பார்த்துவிடலாம். பத்து இடங்களானால் வரிசைகளின் எண்ணிக்கை முப்பத்தாறு இலட்சத்தைத் தாண்டிவிடுகிறது. இருபது இடங்களானால் கணினிகூட ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்காது. அனைத்தையும் பார்க்காமலே நல்ல வழியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கணிதம் கற்பிக்கிறது. துறைமுகம், விமான நிறுவனம், பொருள் விநியோகம், தொழிற்சாலை ஆகிய எல்லா இடங்களிலும் இவ்வறிவு தேவைப்படுகிறது.

பணியாண்டின் வரலாறு

கல்லூரிப் படிப்பையும் பணியையும் மாறிமாறி அமைக்கும் முறை புதியதன்று. இங்கிலாந்தில் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரி 1903ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஏற்பாட்டைச் செய்தது. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பேராசிரியர் 1906இல் இதனைத் தொடங்கினார். தொடக்கத்தில் இது பொறியியல் மாணவர்களுக்கே உரியதாக இருந்தது. இயந்திரத்தைத் தொட்டுப் பாராமல் இயந்திரவியல் கற்க முடியாது என்பது எல்லார்க்கும் விளங்கிய உண்மையாதலின், அதில் வியப்பில்லை.

கணிதத்துக்கும் இம்முறை பொருந்தும் என்று காட்டிய இடங்களுள் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் குறிப்பிடத்தக்கது. 1957இல் தொடங்கிய அப்பல்கலைக்கழகம் 1967இல் கணிதத்துக்கென்றே தனியொரு புலத்தை அமைத்தது. அங்கே பணிப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த மாணவர் நான்கு மாதம் வகுப்பிலும் நான்கு மாதம் பணியிடத்திலுமாக மாறிமாறிப் பயில்கின்றனர். பிரிட்டனிலோ பாத் போன்ற பல்கலைக்கழகங்களில் இரண்டாண்டு வகுப்பில் பயின்று, மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு நிறுவனத்தில் பணியாற்றி, நான்காம் ஆண்டில் திரும்பிவந்து பட்டத்தை நிறைவு செய்யும் வழக்கம் உண்டு.

நம் நாட்டில், உயர்கல்விக்கென 2015 முதல் 2025 வரைக்கும் வகுக்கப்பட்ட பெருந்திட்டத்தின் காலத்தில் இக்கருத்து வலுப்பெற்றது. மூன்றாண்டு பல்கலைக்கழகத்திலும் ஓராண்டு தொழில்துறையிலும் பயில்வதை ‘3யூ1ஐ’ என்றும், இரண்டிரண்டு ஆண்டுகளாகப் பயில்வதை ‘2யூ2ஐ’ என்றும் உயர்கல்வி அமைச்சு பெயரிட்டு அறிமுகப்படுத்தியது. எல்லாப் படிப்புகளும் இவ்வாறு அமைந்துவிடவில்லை. பல கணிதப் படிப்புகளில் இன்றும் சில வாரங்களோ சில மாதங்களோ நீடிக்கும் தொழிற்பயிற்சியே இடம்பெறுகிறது. ஆகவே, ‘பயிற்சி உண்டு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் அது ஓராண்டுப் பயிற்சி என்று கொண்டுவிடலாகாது. எத்தனை மாதம் என்று கேட்டறிய வேண்டும்.

செராஸ் வட்டாரத்தில் உள்ள வாய்ப்பு

முன்னொரு காலத்தில் ரப்பர் மரங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்திருந்த செராஸ் வட்டாரம் இன்று கோலாலம்பூரின் நெரிசல்மிக்க குடியிருப்புப் பகுதியாகவும் கல்வி நிலையங்கள் உள்ள இடமாகவும் விளங்குகிறது. செராஸ், தாமான் கொனாட்டில் அமைந்துள்ள யூ.சி.எஸ்.ஐ. பல்கலைக்கழகம் 1986இல் சிறியதொரு கணினிக் கல்லூரியாகத் தொடங்கி, 2008இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. காப்புறுதிக் கணிப்பியல் என்னும் கணிதத்துறை அங்கே பயிற்றுவிக்கப்பட்டு வருகிறது. மாணவர்களைப் படிப்புக் காலத்திலேயே நிறுவனங்களுக்கு அனுப்பிப் பயிற்றும் ஏற்பாட்டையும் அது நெடுங்காலமாக நடத்தி வந்துள்ளது. ஒரே ஆண்டாகத் தொடர்ந்து செய்யாமல், ஆண்டுதோறும் சில வாரங்களாகப் பகிர்ந்து செய்வது அம்முறையின் இயல்பாகும்.

செராஸை அடுத்துள்ள பண்டார் சுங்கை லோங்கில், 2002இல் நிறுவப்பட்ட துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. கணினியியலோடு இணைந்த பயன்முறைக் கணிதமும் காப்புறுதிக் கணிப்பியலும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. 1969இல் கல்லூரியாகத் தோன்றி 2022இல் பல்கலைக்கழகமான, செத்தாப்பாக்கிலுள்ள தார் யூ.எம்.டி. நிறுவனத்திலும் கணிதம் சார்ந்த பட்டப்படிப்புகள் உள்ளன. அரசாங்கப் பல்கலைக்கழகங்களை நாடுவோர்க்கு, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமும் பாங்கியில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகமும் அண்மையிலேயே உள்ளன. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பெரிதும் குறைவு என்பதால், தோட்டக் குடும்பங்கள் முதலில் அவற்றையே முயன்று பார்ப்பது நன்று.

காஜாங் வழித்தட எம்.ஆர்.டி. ரயில் 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் முழுமையாக ஓடத் தொடங்கியதிலிருந்து செராஸில் தங்கிப் படிக்கும் மாணவர் நகரின் நடுவிலுள்ள வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் பயிற்சிக்குச் சென்று வருவது எளிதாயிற்று. இவ்வழித்தடத்தின் மறுமுனையான குவாசா டாமன்சாரா, ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சுங்கை பூலோ சோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில் எழுந்த நகரம் என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது பொருத்தமாகும்.

பணியிடத்தில் மாணவர் செய்வது என்ன?

கணித மாணவர் பயிற்சி பெறத்தக்க இடங்கள் பல. வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், மென்பொருள் நிறுவனங்கள், தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள், பொருள் விநியோக நிறுவனங்கள், அரசாங்கத்தின் புள்ளிவிவர இலாகா முதலியவற்றைக் குறிப்பிடலாம். காப்புறுதித் துறையை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஆயிரம் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு விபத்து நிதி வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். கடந்தகாலக் கணக்கைப் பார்த்தால், ஆண்டுக்குச் சராசரியாக மூவர் கடும் விபத்துக்குள்ளாகின்றனர். ஒவ்வொருவருக்கும் 20,000 வெள்ளி தர வேண்டும். ஆக மொத்தம் 60,000 வெள்ளி. தலைக்கு 60 வெள்ளி. இவ்வளவும் பள்ளிக் கணக்கே.

ஆனால் சராசரி மூன்று என்பதால் ஒவ்வோர் ஆண்டும் மூவரே விபத்துக்குள்ளாவர் என்பதில்லை. ஓராண்டில் ஒருவருமில்லாமல் போகலாம். மற்றோர் ஆண்டில் அறுவரும் ஆகலாம். அறுவரோ அதற்கு மேற்பட்டோரோ விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு எவ்வளவு? நிகழ்தகவுக் கணிதத்தால் கணக்கிட்டால் அது நூற்றுக்கு எட்டுக்குச் சற்று அதிகம் என்று வருகிறது. அதாவது, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அத்தகைய ஆண்டு வரலாம். அந்த ஆண்டில் தேவைப்படும் தொகை 1,20,000 வெள்ளி அல்லது அதற்கும் மேல். கையில் இருப்பதோ 60,000 வெள்ளி. அப்பொழுது அடிபட்டவரின் குடும்பத்துக்கு என்ன விடை சொல்வது? ஆகவே, எவ்வளவு தொகையைச் சேமிப்பில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இது பல்கலைக்கழகக் கணக்கு.

இந்தக் கணக்கைப் பாடநூலில் கற்ற மாணவர், பணியாண்டில் ஒரு நிறுவனத்துக்குச் செல்கிறார். அங்கே அவர் முதலில் காண்பது என்ன? பதிவேட்டில் ஒரே ஆள் இருமுறை எழுதப்பட்டிருக்கிறார். ஒருவருக்கு வயது 180 என்று இருக்கிறது. மற்றொருவர் வேலையை விட்டுச் சென்ற தேதி குறிக்கப்படவில்லை. பாடநூலில் எண்கள் எப்பொழுதும் சுத்தமாகவே இருக்கும், அலுவலகத்தில் அவ்வாறிருப்பதில்லை. தவறான எண்ணை இட்டுச் சரியான சூத்திரத்தைப் பயன்படுத்தினாலும் விடை தவறாகவே வரும். எண்ணைச் சரிபார்க்கவும், ஐயம் வந்தால் உரியவரிடம் கேட்கவும், கண்ட முடிவைக் கணிதம் அறியாத மேலாளருக்கும் விளங்கும்படி ஒரு பக்கத்தில் எழுதித் தரவும், குறித்த நாளுக்குள் வேலையை முடிக்கவும் அவர் பழகுகிறார். இவை வகுப்பறையில் எளிதில் வாரா.

நம் நாட்டின் சட்டப்படி, காப்புறுதி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற காப்புறுதிக் கணிப்பாளர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் இதனை வலியுறுத்துகிறது. பட்டம் பெற்றவுடன் ஒருவர் அத்தகுதியை அடைந்துவிட முடியாது. பிரிட்டன் அல்லது அமெரிக்காவிலுள்ள தொழிற்சங்கங்கள் நடத்தும் கடினமான தேர்வுகளைப் பல ஆண்டுகள் எழுத வேண்டும். வேலை செய்துகொண்டே அவற்றை எழுதுவோரே மிகுதி. தோட்டத் தொழிலாளர்கள் நன்கறிந்த சொக்சோ போன்ற நிதிகளிலும் சந்தாவும் இழப்பீடும் ஒன்றுக்கொன்று ஈடாகுமா என்று ஆராய இக்கணிதமே துணை செய்கிறது.

இராமானுஜன் தரும் படிப்பினை

கணிதமும் அலுவலகப் பணியும் ஒருங்கே அமைந்ததற்கு நம் இனத்திலேயே உலகறிந்த சான்று உண்டு. ஈரோட்டில் 1887இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரித் தேர்வில் தோல்வியுற்றார். வறுமை வாட்டியது. 1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக வாய்த்த நாராயண ஐயர் தாமே கணிதம் அறிந்தவர்; துறைமுகக் கழகத்தின் தலைவரான பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருடைய திறமையை மதித்தார். இவர்களது ஊக்கத்தால் 1913ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதினார். 1914இல் இங்கிலாந்துக்குச் சென்றார். 1918இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

இதிலிருந்து இரண்டு படிப்பினைகளைப் பெறலாம். ஒன்று, பணியிடத்தில் வாய்க்கும் மேலதிகாரி யார் என்பது மிக முக்கியம். திறமையைக் கண்டு ஊக்குவிப்பவர் கிட்டினால், எழுத்தர் வேலையும் உயர்வுக்கு வழியாகும். மற்றொன்று, கணிதத்தில் எவ்வளவு வல்லவராயினும் பிற பாடங்களைப் புறக்கணிப்பது வாயிலை அடைத்துவிடும். நம் பிள்ளைகள் மலாய் மொழி, வரலாறு ஆகிய பாடங்களில் தவறினால் எஸ்.பி.எம். சான்றிதழே கிட்டாது. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மூயெட் என்னும் ஆங்கிலத் தேர்வும் வேண்டும்.

செலவுக் கணக்கு

இப்பொழுது குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். பயிற்சிக் காலத்தில் மாணவருக்குத் தரப்படுவது முழுச் சம்பளமன்று, படித்தொகையே. அது இடத்துக்கு இடம் வேறுபடும். சில இடங்களில் ஒன்றுமே தராமலும் இருக்கலாம். கணக்குக்காக மாதம் 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு 9,600 வெள்ளி. இதே காலத்தில், பணியாண்டு இல்லாத மூன்றாண்டுப் படிப்பை முடித்துவிட்ட ஒருவர் உடனே வேலையில் சேர்ந்து, 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை மட்டும் பெறுவதாகக் கொண்டாலும் ஓராண்டில் 20,400 வெள்ளி ஈட்டியிருப்பார். வேறுபாடு 10,800 வெள்ளி. பணியாண்டின் உண்மையான விலை இதுவே. இதனை மறைப்பது முறையாகாது.

ஆனால், அனுபவமில்லாத பட்டதாரிக்கு உடனே வேலை கிட்டாமல் ஆறு மாதம் கழிந்தால், அவர் இழப்பது 10,200 வெள்ளி. இரண்டு தொகைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே, பணியாண்டு நல்லதா என்ற கேள்விக்கு விடை, அந்த ஓராண்டு பிள்ளைக்கு உண்மையான அனுபவத்தைத் தருமா என்பதைப் பொறுத்தது. நல்ல பயிற்சியாயின் செலவிட்ட தொகை விரைவில் மீளும். பயிற்சியளித்த நிறுவனமே பிறகு வேலைக்கு அழைத்துக்கொள்வதும் உண்டு. நகல் எடுப்பதற்கும் தேநீர் வாங்கி வருவதற்கும் மட்டும் பயன்படுத்தப்பட்டால் ஓராண்டும் போய்விடும், பணமும் போய்விடும்.

ஆதலின், சேர்வதற்கு முன்னரே பின்வரும் கேள்விகளைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டுத் தெளிவடைதல் வேண்டும்.

முதலாவது, பயிற்சி எத்தனை மாதம்? அது படிப்பின் கட்டாயப் பகுதியா, விருப்பப் பகுதியா?

இரண்டாவது, பயிற்சியிடத்தைத் தேடித் தருவது பல்கலைக்கழகமா, மாணவரே தேட வேண்டுமா? இடம் கிடைக்காவிட்டால் என்ன ஏற்பாடு?

மூன்றாவது, அந்த ஆண்டிலும் கட்டணம் செலுத்த வேண்டுமா? எவ்வளவு?

நான்காவது, பணியிடத்தில் மேற்பார்வை செய்பவர் யார்? பல்கலைக்கழக விரிவுரையாளர் நேரில் வந்து பார்ப்பாரா?

ஐந்தாவது, பயிற்சிக்கு மதிப்பெண் உண்டா? இறுதியில் என்ன அறிக்கை எழுத வேண்டும்?

ஆறாவது, இப்படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளதா? அப்பதிவேட்டில் இல்லாத படிப்புக்கு, விளம்பரம் எவ்வளவு அழகாக இருப்பினும், ஒரு வெள்ளியும் கட்டலாகாது.

பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997 முதல் கடனுதவி வழங்கி வருகிறது. அது கடன் என்பதையும், பட்டம் பெற்ற பின் தவணைமுறையில் திருப்பிச் செலுத்த வேண்டியது என்பதையும் பெற்றோரும் பிள்ளையும் நன்குணர்ந்தே கையெழுத்திட வேண்டும். பணியாண்டிலும் கடனுதவி தொடருமா என்று முன்னரே கேட்டு வைத்துக்கொள்வது நலம். நகரத்தில் அறை வாடகையும் உணவும் போக்குவரத்தும் கட்டணத்துக்குச் சமமான சுமையாகிவிடக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

நான்காம் படிவத்திலேயே முடிவு செய்ய வேண்டியது

பல்கலைக்கழகத்தைப் பற்றிய முடிவு எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு எடுக்கப்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நான்காம் படிவத்தில், பிள்ளைக்குப் பதினாறு வயதாகும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. கூடுதல் கணிதப் பாடத்தை எடுக்காத மாணவருக்குக் கணிதம், பொறியியல், காப்புறுதிக் கணிப்பியல் ஆகிய துறைகளின் வாயில்கள் பல அடைபட்டுப் போகின்றன. ‘கடினம்’ என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டுக் கைவிடுவோர் பலர். கடினம் என்பது உண்மையே. ஆனால், முதல் மூன்று மாதத்தில் அடிப்படையைப் புரிந்துகொண்டு நாள்தோறும் நான்கைந்து கணக்குகளைத் தாமே செய்து பார்ப்பவர்க்கு அது கைவராத பாடமன்று.

ஐந்தாம் படிவத்துக்குப் பின் ஆறாம் படிவம் சென்று எஸ்.டி.பி.எம். எழுதலாம், அதில் கணிதம் ‘டி’ என்னும் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது கணிதத் துறைக்கு ஏற்றது. அரசாங்கப் பள்ளியிலேயே ஒன்றரை ஆண்டில் முடிக்கத்தக்க இவ்வழி, செலவு மிகக் குறைந்த வழியாகும். மெட்ரிகுலேஷன் வகுப்புக்கும் விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் விண்ணப்பத் தேதியைத் தவறவிடாமல் பள்ளி ஆலோசக ஆசிரியரை அணுகுவது இன்றியமையாதது.

பெற்றோர்கள் கணிதம் அறிந்திருக்க வேண்டுவதில்லை. பிள்ளை கணக்குப் போடும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்தி வைப்பதும், தனியே ஒரு மேசையையும் விளக்கையும் ஒதுக்கித் தருவதும், “இன்று என்ன கணக்குச் செய்தாய், எனக்கு விளங்கும்படி சொல்” என்று கேட்பதுமே பேருதவியாகும். விளங்கச் சொல்லத் தெரிந்தவனுக்கே கணக்குத் தெரியும். பின்னாளில் அலுவலகத்தில் மேலாளருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய பிள்ளை, முதற்பயிற்சியை வீட்டிலேயே பெற்றுவிடுகிறது.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது நமது மரபு. எழுத்துக்காக நம் முன்னோர் தோட்டந்தோறும் பள்ளி அமைத்தனர். எண்ணை அதன் உயர்ந்த எல்லைவரை கற்கவும், கற்றதைப் பணியிடத்தில் பயன்படுத்திப் பார்க்கவும் இன்று வழி இருக்கிறது. உங்கள் வீட்டில் மூன்றாம் படிவத்திலோ நான்காம் படிவத்திலோ ஒரு பிள்ளை இருப்பின், கூடுதல் கணிதத்தைப் பற்றி இம்மாதமே பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் கேட்டறியுங்கள். ஆறாவது படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ படிக்கும் பிள்ளை இருப்பின், மேற்கண்ட ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். விடைகளைப் பெற்று, அவற்றை எடைபோட்டுப் பார்த்து, குடும்பமாக அமர்ந்து முடிவு செய்யுங்கள்.